ஆஃப்சைடு பற்றி இனி என்னிடம் யாரும் கேட்காதீர்கள்

பழைய லெஃப்ட் பேக் | ஞாயிறு, இரவு 11:48

நேற்று மச்சான் வீட்டுக்கு வந்திருந்தான். தீவிர கிரிக்கெட் ஆள். சாப்பாடு முடிந்ததும், "உன் ஆட்டத்தில் அப்படி என்னதான் இருக்கு, காட்டு பார்ப்போம்" என்றான். நானும் ஆசையாக 2023 ஜனவரி மான்செஸ்டர் டெர்பியைப் போட்டேன், யுனைடெட் எதிர் சிட்டி. சிட்டி 1-0 முன்னிலை. 78வது நிமிடம் யுனைடெட்டின் கேஸிமிரோ பந்தை முன்னால் தள்ளுகிறார். ஆஃப்சைடில், அதாவது பந்தை அடித்த கணத்திலேயே கடைசி டிஃபெண்டரைத் தாண்டி, நின்ற ராஷ்ஃபோர்ட் அந்தப் பந்தை ஒட்டியே பாக்ஸ் வரை ஓடுகிறார், அடிக்கப் போகிற மாதிரியே போகிறார், ஆனால் தொடவில்லை. பின்னால் வந்த புரூனோ ஃபெர்னாண்டஸ் அடித்து உள்ளே போடுகிறார். லைன்ஸ்மேன் கொடி தூக்குகிறார். ரெஃப்ரி அவரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து கோல் என்கிறார்.

"முன்னால் ஓடினவன் ஆஃப்சைடா இல்லையா?"

"ஆஃப்சைடுதான்."

"அப்ப எப்படி கோல்?"

"அவன் பந்தைத் தொடலை."

"தொடுற எண்ணம் இல்லாதவன் எதுக்கு அவ்வளவு தூரம் ஓடினான்?"

என்னிடம் பதில் இல்லை. மச்சான் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

98 உலகக் கோப்பையிலிருந்து பார்க்கிறேன். டீக்கடை மேஜையில் கிளாஸை டிஃபெண்டராகவும் பிஸ்கட் பாட்டிலை கீப்பராகவும் வைத்து எத்தனை பேருக்கு ஆஃப்சைடு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ரெஃப்ரி தப்பு செய்வது எனக்குப் பிரச்சினையே இல்லை. மாரடோனா கையால் தட்டியதையே 86இல் கோல் என்று எழுதிவிட்டு உலகம் அடுத்த வேலையைப் பார்க்கப் போனது. ஆனால் 27 வருடம் பார்த்த பிறகும், கண்ணெதிரே நடந்தது கோலா இல்லையா என்று என்னால் வாய் திறந்து சொல்ல முடியவில்லை. அதுதான் எரிகிறது. உங்களுக்கும் இப்படித்தானா, இல்லை எனக்குத்தான் வயதாகிவிட்டதா?

டபரா செட் | ஞாயிறு, இரவு 11:55

கிளாஸ் போதவில்லை என்றால் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே. பித்தளை. விதி மாறினாலும் நெளியாது.

கறுப்புச் சட்டை | திங்கள், அதிகாலை 12:20

பெயரைப் பார்த்துவிட்டு இதை அரசியல் இழை ஆக்கிவிடாதீர்கள். மாவட்ட லீக்கில் பதினொரு வருடமாக விசில் ஊதுகிறேன், அந்தச் சட்டை இது.

லெஃப்ட் பேக் அண்ணே, உங்கள் மச்சான் கேட்டது சரியான கேள்வி. ஆஃப்சைடு பற்றிய விதி 11 தொடங்குவதே, ஆஃப்சைடு இடத்தில் நிற்பது மட்டும் குற்றமில்லை என்றுதான். அங்கே நின்று ஆட்டத்தில் கலந்துகொண்டால்தான் குற்றம். பந்தைத் தொட்டால் பேச்சே இல்லை. தொடாவிட்டால் அவன் எதிராளிக்கு இடைஞ்சல் செய்தானா என்று பார்க்க வேண்டும். கீப்பரின் பார்வையை மறைத்தானா, பந்துக்காக யாரோடாவது முட்டினானா, பக்கத்தில் இருந்த பந்தை ஆட முயன்று எதிராளியைப் பாதித்தானா, எதிராளி பந்தை ஆடவே முடியாதபடி வெளிப்படையாக எதையாவது செய்தானா. ராஷ்ஃபோர்ட் எந்த டிஃபெண்டரோடும் முட்டவில்லை, யார் பார்வையையும் மறைக்கவில்லை, கடைசியில் பந்தை விட்டுவிட்டார். எழுத்துப்படி பார்த்தால் கோல் கொடுக்க இடம் இருக்கிறது.

ஆனால் சிட்டியின் கீப்பர் எடர்சன் யாருடைய ஷாட்டுக்காகக் கால் ஊன்றி நின்றார்? ராஷ்ஃபோர்டுடையதற்கு. சிட்டி டிஃபெண்டர் அகாஞ்சி ஏன் வேகத்தைக் குறைத்தார்? முன்னால் போகிறவன் ஆஃப்சைடு, கொடி வரும் என்று. இதெல்லாம் இடைஞ்சல் இல்லையா என்றால், என் கணக்கில் இடைஞ்சல்தான். நான் லைன்ஸ்மேனாக இருந்தாலும் கொடி தூக்கியிருப்பேன்.

விதி இப்படி இளகியதற்குக் காரணமும் உண்டு. 1990 வரை கடைசி டிஃபெண்டருக்கு நேராக நின்றாலே ஆஃப்சைடு. ஆட்டம் வறண்டுபோகிறது, கோல் விழ வேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். தளர்த்தின ஒவ்வொரு இடத்திலும் ரெஃப்ரி தலையில் ஒரு முடிவைக் கட்டினார்கள்.

பழைய லெஃப்ட் பேக் | திங்கள், அதிகாலை 12:31

அப்படியென்றால் டிஃபெண்டர் ஓடிக்கொண்டே, "இவன் ஆஃப்சைடா, ஆனாலும் தொடுவானா, தொடாவிட்டால் நான் யாரைப் பிடிப்பது" என்று கணக்குப் போட வேண்டுமா?

கறுப்புச் சட்டை | திங்கள், அதிகாலை 12:33

ஆமாம். விசில் வரும் வரை ஆடு. நாங்கள் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அது ஒன்றுதான்.

கோப் கோயம்புத்தூர் | திங்கள், காலை 6:40

ராத்திரி தூங்கிவிட்டேன், இல்லையென்றால் முதல் பதிலே என்னுடையதாக இருந்திருக்கும். லிவர்பூல் ரசிகன் இருக்கும்போது இந்தப் பேச்சை வேறு எங்கிருந்து தொடங்குவீர்கள்?

2023 செப்டம்பர் 30. டாட்டன்ஹாம் மைதானம். நம் நேரம் இரவு 10 மணி மேட்ச். கர்டிஸ் ஜோன்ஸ் ஏற்கனவே ரெட் கார்டு வாங்கிப் போய்விட்டான், பத்துப் பேர். 34வது நிமிடம் லூயிஸ் டியாஸ் கோல் போடுகிறான். கொடி மேலே போகிறது. ரீப்ளேயில் பார்த்தால் ஆஃப்சைடே இல்லை, என் அம்மா கண்ணாடி போடாமல் சொல்லிவிடுவார். சரி, வீடியோ பார்த்து ரெஃப்ரிக்குச் சொல்கிற வார் இருக்கிறதே, பார்த்துக்கொள்வார்கள் என்று உட்கார்ந்திருக்கிறோம். பார்த்தார்கள். "செக் முடிந்தது" என்றார்கள். ஆட்டம் தொடங்கிவிட்டது. கோல் இல்லை.

மூன்று நாள் கழித்து ஆடியோவை வெளியிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. மைதானத்தில் ஏற்கனவே கோல் கொடுத்துவிட்டார்கள் என்று வார் அறையில் இருந்தவர் நினைத்துக்கொண்டார்! அதாவது "நீங்கள் சொன்னது சரி" என்று சொல்ல வந்தவர், தவறான முடிவுக்குச் சரி போட்டுவிட்டார். ரீப்ளே போடுகிற ஆள் பதறிப்போய் கேட்கிறார், ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் பேச்சும் வருகிறது. ஆனால் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டதால் ஒன்றும் செய்ய முடியாதாம். இரண்டு நிமிடத்தில் சோன் அந்தப் பக்கம் கோல் போட்டான். 96வது நிமிடம் எங்கள் மாட்டிப் எங்கள் வலைக்குள்ளேயே அடித்து 2-1. இடையில் ஜோட்டாவும் ரெட் கார்டில் போய், ஒன்பது பேரோடு முடித்தோம்.

ஆட்டம் தொடங்கிய பின் முடிவை மாற்றக்கூடாது என்பது விதி. சரியான கோலைத் தூக்கி எறிவதும் விதியா? அந்த ஒன்றை மட்டும் யாராவது விளக்குங்கள்.

வல்வெட்டித்துறை டு வெம்பிளி | திங்கள், காலை 10:15

கோயம்புத்தூர் தம்பி, நான் ஸ்பர்ஸ், அதாவது டாட்டன்ஹாம் ஆள். அன்று அந்த மைதானத்துக்குள்தான் இருந்தேன். கோபிக்காமல் கேளும்.

மைதானத்தில் இருக்கிற சனத்துக்கு ஒன்றும் தெரியாது. கொடி போனது, நாங்கள் கத்தினோம். சோதிக்கிறார்கள் என்று திரையில் ஒரு வரி வந்தது, பிறகு போய்விட்டது. அவ்வளவுதான். என்ன நடந்தது என்று நான் அறிந்தது திரும்பி ரயிலில் வரும்போது, கைபேசியில். எங்கள் அணி வென்ற நாள், ஆனால் பெட்டிக்குள் எல்லோரும் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டு ஒரு மாதிரி சிரித்தார்கள். களவெடுத்த மாங்காய் தின்கிற சிரிப்பு.

வீட்டில் இருந்து பார்க்கிற உங்களுக்காவது கோடு போட்டுக் காட்டுகிறார்கள். எழுபது எண்பது பவுண் கொடுத்து உள்ளே போகிறவன்தான் கடைசியில் அறிகிறவன். இப்ப கோல் விழுந்தால் நான் உடனே துள்ளுவதில்லை. முதலில் கொடியைப் பார்ப்பேன், பிறகு ரெஃப்ரியின் கை காதுக்குப் போகிறதா என்று பார்ப்பேன், அவர் நடுவட்டத்துக்கு நடந்தால் பிறகு துள்ளுவேன். அதற்குள் அந்தச் சந்தோசம் ஆறின தேத்தண்ணி.

ஒன்று நன்றாக நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் லீக் கோப்பை அரையிறுதி, அதே லிவர்பூல், அதே மைதானம். சொலாங்கே போட்ட கோலை ரத்து செய்துவிட்டு ரெஃப்ரி மைக்கில் காரணம் சொன்னார். இங்கிலாந்தில் அதுதான் முதல் தரம். எங்கள் கோல் போனதுதான், ஆனாலும் ஏன் போனது என்று என் காதால் கேட்டேன். மனம் கொஞ்சம் ஆறியது. 2025-26 சீசனில் பிரீமியர் லீக்குக்கும் அதைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

நாலாவது ஸ்லிப் | திங்கள், காலை 11:02

கிரிக்கெட் ஆள் ஒருவன் உள்ளே வரலாமா?

அம்பயர் முடிவை வீடியோவில் மறுபடி பார்க்கிற டிஆர்எஸ் வந்தபோது நம் ஆட்கள்தான் உலகத்திலேயே அதிகம் எதிர்த்தார்கள். 2008 இலங்கைத் தொடரில் கையைச் சுட்டுக்கொண்டு பல வருடம் கிட்டேயே போகவில்லை. இப்போது பாருங்கள், சேப்பாக்கத்தில் பஜ்ஜி விற்கிறவருக்குக்கூட "அம்பயர்ஸ் கால்" என்றால் என்ன என்று தெரியும். ஏன்? மூன்றாவது அம்பயர் பேசுவது நம் காதில் விழுகிறது. "அல்ட்ரா எட்ஜ் காட்டுங்கள், பந்து எங்கே குத்தியது, சரி, இப்போது ஸ்டம்பைப் பார்ப்போம்." ஒவ்வொரு படியும் பெரிய திரையில். திட்டினாலும் எதற்காகத் திட்டுகிறோம் என்று தெரிந்து திட்டுகிறோம்.

கால்பந்தில் ரெஃப்ரி காதில் விரலை வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் நிற்கிறார். யாரோடு பேசுகிறார், என்ன பேசுகிறார்? வீட்டில் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கல்யாணப் பேச்சு பேசுகிற மாதிரி இருக்கிறது.

இன்னொன்று, கேப்டன் கேட்டால்தான் ரிவ்யூ என்று வையுங்கள். தோனி ரிவ்யூ சிஸ்டம் என்று நாங்கள் பெருமை பேசுகிற மாதிரி உங்களுக்கும் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

கறுப்புச் சட்டை | திங்கள், மதியம் 1:10

ஸ்லிப் சொன்ன இரண்டாவது விஷயத்தை ஃபிஃபா ஏற்கனவே சோதித்துக்கொண்டிருக்கிறது. கோச் கேட்டால் மட்டும் ரெஃப்ரி திரையில் போய்ப் பார்ப்பார், ஒரு மேட்சில் இரண்டு வாய்ப்பு, தனியாக வார் அறை கிடையாது. 2024இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் பயன்படுத்தினார்கள். காசு இல்லாத லீக்குகளுக்காக யோசித்தது. என்னைக் கேட்டால் காசு இருக்கிற லீக்குக்கும் அதுதான் நல்லது.

ஆனால் கிரிக்கெட்டோடு ஒப்பிடும்போது ஒரு வித்தியாசம் இருக்கிறது. பந்து ஸ்டம்பில் படுமா என்பதற்குக் கணினி விடை சொல்லும். தள்ளியது ஃபவுலா, தோளோடு தோள் உரசலா என்பதற்கு எந்தக் கணினியும் விடை சொல்லாது. அதனால்தான் "தெளிவான, வெளிப்படையான தவறு" இருந்தால் மட்டும் வார் தலையிடலாம் என்று வைத்தார்கள். அந்தச் சொற்றொடர்தான் உங்கள் கோபத்துக்கெல்லாம் ஊற்று. ரெஃப்ரி கொடுத்ததும் நிற்கும், கொடுக்காததும் நிற்கும். ஒரே மாதிரி தள்ளல் சனிக்கிழமை பெனால்டி, ஞாயிற்றுக்கிழமை இல்லை, இரண்டும் வாரின் கணக்கில் சரி. உள்ளே இருக்கிறவனுக்கு அது புரியும், பார்க்கிறவனுக்கு ஏமாற்றுவேலையாகத்தான் தெரியும். அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

கோயம்புத்தூருக்கு: ஆட்டம் தொடங்கிய பின் முடிவை மாற்றலாம் என்று கதவைத் திறந்தால், எத்தனை நிமிடம் வரை? இடையில் எதிரணி கோல் போட்டிருந்தால்? அதனால்தான் அந்த விதி. அன்று நடந்ததற்கு அது சமாதானம் ஆகாது, தெரியும்.

முதுகில் கை | திங்கள், மதியம் 2:45

ஆஃப்சைடையாவது கோடு போட்டு அளக்கலாம். ஹேண்ட்பாலுக்கு வாருங்கள்.

எங்கள் காலத்தில் ஒரே கேள்வி: வேண்டுமென்று கையால் ஆடினானா? அதற்கப்புறம், 2019இலிருந்து ஆளாளுக்குத் திருத்தம். உடம்பை "இயல்புக்கு மாறாகப் பெரிதாக்கினால்" ஹேண்ட்பால். கோல் போடுகிறவன் கையில் தெரியாமல் பட்டாலும் கோல் கிடையாது. அவன் கூட்டாளி கையில் பட்டாலும் கிடையாது, 2021இல் அதை மாற்றி, கூட்டாளி கையில் தெரியாமல் பட்டால் பரவாயில்லை என்றார்கள். இதற்கு நடுவே தோள் எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று ஒரு பஞ்சாயத்து. அக்குளின் அடிமட்டத்துக்கு நேராகக் கோடு போட்டு, அதற்கு மேலே தோள், கீழே கை என்று தீர்ப்பு. டெய்லர் கடையில் அளவு எடுக்கிற மாதிரி.

2020 செப்டம்பர், ஸ்பர்ஸ் எதிர் நியூகாசில். நியூகாசிலின் ஆண்டி கேரல் தலையால் முட்டுகிறார், ஸ்பர்ஸின் எரிக் டையர் முதுகைக் காட்டிக்கொண்டு குதிக்கிறார், பின்னாலிருந்து வந்த பந்து கையில் படுகிறது. பிடரியில் கண் இருந்தால்தான் தப்பிக்க முடியும். பெனால்டி. 97வது நிமிடம் 1-1. லாபம் அடைந்த நியூகாசில் மேனேஜர் ஸ்டீவ் புரூஸே இந்த விதி அபத்தம் என்றார். லாபம் அடைந்தவரே!

அடுத்து யூரோ 2024. ஜூன் 29, டென்மார்க் எதிர் ஜெர்மனி. டென்மார்க்கின் ஆண்டர்சன் கோல் போடுகிறார். டிலேனியின் கால்விரல் நுனி ஆஃப்சைடு, கோல் ரத்து. டென்மார்க் கோச் பிறகு கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டி, ஒரு சென்டிமீட்டர் என்று புலம்பினார். சில நிமிடத்தில் அதே ஆண்டர்சனின் கையில் பந்து லேசாக உரசுகிறது. பந்துக்குள் சிப், திரையில் நம் கிரிக்கெட் ஸ்னிக்கோ மாதிரியே கோடு துடிக்கிறது. பெனால்டி, ஹாவர்ட்ஸ் கோல். ஜெர்மனி 2-0.

ஆறே நாள். ஜூலை 5, அதே ஜெர்மனி, ஸ்பெயினோடு காலிறுதி, 1-1, கூடுதல் நேரம். ஜெர்மனியின் முசியாலா அடித்த ஷாட் கோலை நோக்கிப் போகிறது, நடுவில் ஸ்பெயினின் குக்குரேயாவின் கை. பெனால்டி இல்லை. 119வது நிமிடம் மெரினோ தலையால் முட்டி ஜெர்மனியை வெளியே அனுப்பினார்.

உரசினதற்கு பெனால்டி. தடுத்ததற்கு இல்லை. இப்போது டிஃபெண்டர்கள் எல்லோரும் பாக்ஸுக்குள் கையை முதுகில் கட்டிக்கொண்டு, வாத்தியார் நிற்க வைத்த பையன் மாதிரி ஓடுகிறார்கள். என் புனைபெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

கறுப்புச் சட்டை | திங்கள், மதியம் 3:20

குக்குரேயாவின் கை கீழே இறங்கிக்கொண்டிருந்தது, உடம்பை ஒட்டி இருந்தது என்பது அப்போது சொன்ன நியாயம். பிறகு ஐரோப்பிய சங்கத்தின் ரெஃப்ரி குழுவே அது பெனால்டியாக இருந்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது.

நான் இதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஹேண்ட்பாலில் எங்களுக்குள்ளேயே பயிற்சி வகுப்பில் பத்து வீடியோ போட்டால் பத்துக்கும் பத்துப் பேர் ஒரே பதில் சொல்வதில்லை.

தூத்தூர் கடற்கரை | திங்கள், மாலை 5:05

எல்லோரும் கேமரா அதிகம் என்று அழுகிறீர்கள். கேமரா இல்லாமல் அழுதவன் கதையைக் கேளுங்கள்.

2024 ஜூன் 11, தோஹா. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. கேப்டன் சேத்ரி ஓய்வு பெற்ற பின் இந்தியாவின் முதல் மேட்ச். கத்தாரை வென்றால் மூன்றாவது சுற்று, நாம் அதுவரை எட்டாத இடம். 37வது நிமிடம் சாங்டே கோல் போட்டான். ஊரில் கிளப் அறையில் ஐம்பது அறுபது பேர், அடுத்த நாள் கடலுக்குப் போக வேண்டியவர்கள்கூடத் தூங்கவில்லை. 73வது நிமிடம் கத்தார் ஃப்ரீ கிக். நம் கீப்பர் குர்ப்ரீத் தடுக்கிறார், பந்து அவரைத் தாண்டி கோல் லைனுக்கு வெளியே உருண்டு போகிறது. வெளியே போன பந்து! குர்ப்ரீத் தரையில் கிடக்கிறார், நம் ஆட்கள் கார்னர் என்று நிற்கிறார்கள். கத்தார்க்காரன் வெளியே போன பந்தைக் காலால் இழுத்து உள்ளே கொடுக்க, ஐமன் அதை வலையில் தட்டிவிடுகிறான். ரெஃப்ரி கோல் என்கிறார்.

அந்தச் சுற்றில் வார் கிடையாது. நம் பையன்கள் ரெஃப்ரியைச் சுற்றி நின்று கெஞ்சினார்கள். டிவியில் ரீப்ளே மறுபடி மறுபடி ஓடுகிறது, உலகமே பார்க்கிறது, பார்க்கக்கூடாத ஒரே ஆள் ரெஃப்ரி. 85வது நிமிடம் இரண்டாவது கோலும் விழுந்தது. 2-1. வெளியே.

இந்தியச் சங்கம் புகார் கொடுத்தது, விசாரணை கேட்டது. ஸ்கோர் 2-1ஆகவே இருக்கிறது. அந்த நாலு நிமிடம் வெட்டித்தனமாக நிற்பது, கோடு போடுவது, அதெல்லாம் எங்களுக்குக் கொடுங்கள் ஐயா. நாங்கள் பொறுமையாக உட்கார்ந்து பார்ப்போம்.

பழைய லெஃப்ட் பேக் | திங்கள், மாலை 5:30

அன்று நானும் டிவியை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். ஆனால் பாருங்கள், அந்த விஷயத்தில் யாருக்கும் குழப்பமே இல்லை. பந்து வெளியே, கோல் இல்லை, மச்சானுக்கு ஒரு நொடியில் புரியும். அந்தக் கோபம் வேறு ஜாதி.

மஞ்சள் 2014 | திங்கள், இரவு 7:12

இந்திய ரெஃப்ரி பேச்சு வந்ததால் கேட்கிறேன். 2023 மார்ச் 3, பெங்களூரு, இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) நாக் அவுட், எங்கள் கேரளா பிளாஸ்டர்ஸ் எதிர் பெங்களூரு. கூடுதல் நேரம், 96வது நிமிடம். எங்கள் கீப்பர் சுவர் கட்டிக்கொண்டிருக்கிறார், பெங்களூருவின் சேத்ரி சட்டென்று ஃப்ரீ கிக்கை அடித்துவிடுகிறார். கோல்! எங்கள் கோச் வுகோமனோவிச் டீமையே வெளியே கூட்டிக்கொண்டு போனார். நான் அன்றும் அவர் பக்கம், இன்றும் அவர் பக்கம்.

கண்டீரவா கேட் | திங்கள், இரவு 7:20

சுவர் கட்ட நேரம் கொடு என்று விதியில் எங்கே எழுதியிருக்கிறது? விசிலுக்குக் காத்திரு என்று ரெஃப்ரி சொல்லாதவரை உடனே அடிக்கலாம். தூங்கினது நீங்கள்.

மஞ்சள் 2014 | திங்கள், இரவு 7:24

ரெஃப்ரி நின்ற இடம், காட்டிய சைகை எல்லாம் பார்த்தால் காத்திரு என்றுதான் தெரிந்தது. தூங்கினவர்கள் யார் என்று அடுத்த தடவை கொச்சிக்கு வாருங்கள், காட்டுகிறோம்.

கண்டீரவா கேட் | திங்கள், இரவு 7:25

4 கோடி அபராதம் கட்டின ரசீதையும் அப்போதே காட்டுங்கள்.

மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 7:40

மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சேத்ரி ஃப்ரீ கிக்குக்குத் தனி இழை இருக்கிறது, 41 பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போங்கள்.

ஸ்கேல் பென்சில் | திங்கள், இரவு 9:03

கணக்கு வாத்தியார் என்ற முறையில் ஒன்று. பந்தில் சிப் வருவதற்கு முன், பழைய முறையில் கால்விரல் ஆஃப்சைடு என்று கோடு போட்டுக் காட்டினார்களே, அதை எந்தக் கணத்தில் நிறுத்திப் போட்டார்கள்? ஒளிபரப்புக் கேமரா விநாடிக்கு 50 படம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறவன் விநாடிக்கு 8.33 மீட்டர் கடக்கிறான். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 17 சென்டிமீட்டர். பந்து காலை விட்டது இந்தப் படத்திலா, அடுத்ததிலா என்று கையால் தேர்ந்தெடுத்துவிட்டு, சென்டிமீட்டர் கணக்கில் தீர்ப்பு எழுதினார்கள். என் பத்தாம் வகுப்பு மாணவன் இப்படி விடை எழுதினால் பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன்.

2022 உலகக் கோப்பையில் வந்த பாதி தானியங்கி ஆஃப்சைடு முறையில் பந்துக்குள்ளேயே சென்சார் வைத்து இந்தத் தேர்வுச் சிக்கலைக் குறைத்தார்கள். பிரீமியர் லீக் அந்த வகையில் ஒன்றை 2025 ஏப்ரலில்தான் கொண்டுவந்தது, அதுவும் பந்தில் சிப் இல்லாமல். அதற்குள் எத்தனை கோல் போச்சு!

கோப் கோயம்புத்தூர் | திங்கள், இரவு 9:15

எந்திரத்தையும் முழுசாக நம்பாதீர்கள் வாத்தியாரே. 2020 ஜூன் 17, கொரோனா இடைவேளைக்கு அப்புறம் பிரீமியர் லீக்கின் முதல் மேட்ச், ஆஸ்டன் வில்லா எதிர் ஷெஃபீல்ட் யுனைடெட். வில்லா கீப்பர் பந்தைப் பிடித்துக்கொண்டே கோலுக்குள் போய்விட்டார். கோல் லைன் எந்திரம் ரெஃப்ரியின் கடிகாரத்துக்குத் தகவல் அனுப்பவில்லை. ஏழு கேமராவையும் ஆட்கள் மறைத்துவிட்டார்களாம், 9,000க்கும் மேற்பட்ட மேட்சில் இப்படி நடந்ததே இல்லையாம். மன்னிப்புக் கேட்டார்கள். வாரும் சும்மா இருந்தது. 0-0. சீசன் முடிவில் வில்லா 35 புள்ளியோடு பிழைத்தது, போர்ன்மவுத் 34 புள்ளியோடு கீழே போனது. அன்று வில்லா தோற்றிருந்தால் கோல் வித்தியாசத்தில் போர்ன்மவுத் பிழைத்திருக்கும். அவர்கள் அந்த மைதானத்திலேயே இல்லை!

ஒஸ்லோ குளிர் | திங்கள், இரவு 10:50

இங்கே நோர்வேயில் 2023இல் வார் வந்தது. ரசிகர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. 2024 ஜூலையில் ட்ரொண்ட்ஹைமில் ரோசன்போர்க் மேட்ச் ஒன்றில் கூட்டம் மைதானத்துக்குள் மீன் கேக்கை எறிய ஆரம்பித்தது. நம்ம ஊர் மீன் கட்லெட் மாதிரி, காரம் மட்டும் கிடையாது. டென்னிஸ் பந்தும் சேர்த்து எறிந்தார்கள். பொறுக்கிப் பொறுக்கிப் பார்த்து, கடைசியில் மேட்சையே கைவிட்டார்கள். 2025 ஜனவரியில் மேல் இரண்டு டிவிஷன் கிளப்புகள் ஓட்டுப் போட்டு, வார் வேண்டாம் என்று பெரும்பான்மை சொன்னது. மார்ச்சில் சங்கத்தின் பொதுக்குழு கூடி, இருக்கட்டும் என்றது. பக்கத்தில் சுவீடன் இன்னும் வாங்கவே இல்லை. அங்கே கிளப்புகளின் பெரும்பான்மை ஓட்டு உறுப்பினர்களான ரசிகர்கள் கையில், அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இங்கிலாந்தில் வுல்வ்ஸ் கிளப் 2024 ஜூனில் வாரை எடுத்துவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தபோது 19-1 என்று தோற்றது. ஒற்றை ஓட்டு, அதுவும் அவர்களுடையதே. அங்கே ரசிகனை யார் கேட்டார்கள்?

தூத்தூர் கடற்கரை | திங்கள், இரவு 11:02

மீனை எறிந்தார்களா! காசு கொடுத்து வாங்கின மீனை!

முதுகில் கை | திங்கள், இரவு 11:30

யாரும் ஆல்வாரெஸை இன்னும் சொல்லவில்லையே. 2025 மார்ச் 12, சாம்பியன்ஸ் லீக், அத்லெட்டிகோ எதிர் ரியல், பெனால்டி ஷூட்அவுட். அத்லெட்டிகோவின் ஆல்வாரெஸ் ஓடி வந்து அடிக்கும்போது ஊன்றுகால் வழுக்கி, வலக்காலால் அடித்த பந்து இடக்காலிலும் பட்டுவிடுகிறது. வலைக்குள் போனது. வார் கூப்பிட்டு, இரண்டு தொடுதல், கோல் இல்லை. அத்லெட்டிகோ வெளியே. அவர்கள் கோச் சிமியோனே நிருபர்களைப் பார்த்து, அவன் இரண்டு தடவை தொட்டதைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றார்.

ஜூனில் விதிக்குழு ஒரு சுற்றறிக்கை விட்டது: தெரியாமல் இரண்டு தடவை பட்டு கோல் விழுந்தால் மறுபடி அடிக்க வேண்டும். மூன்றே மாதத்தில்! அப்படியென்றால் மார்ச்சில் நடந்தது என்ன? அடுத்தவனுக்கு உதவும், ஆல்வாரெஸுக்கு உதவாது. பரிசோதனை எலி மாதிரி ஆகிவிட்டது அந்த மனிதன் நிலைமை.

கறுப்புச் சட்டை | செவ்வாய், அதிகாலை 12:05

அந்த விதி எழுதினது, வேண்டுமென்றே பந்தை இரண்டு தடவை தட்டி ஏமாற்றுகிறவனுக்காக. வழுக்கி விழுகிறவனை யாரும் யோசிக்கவில்லை. ரெஃப்ரி மார்ச்சில் செய்தது எழுத்துப்படி சரி. எங்கள் வேலையில் இதுதான் கொடுமை, எழுத்துப்படி சரியாகச் செய்த நாளில்தான் அதிகம் திட்டு வாங்குவோம்.

பழைய லெஃப்ட் பேக் | செவ்வாய், இரவு 9:20

எல்லாவற்றையும் படித்தேன். மச்சானுக்குப் ஃபோன் போட்டு, கறுப்புச் சட்டை சொன்ன அந்த நாலு இடைஞ்சலையும் வரிசையாக ஒப்பித்தேன். "அப்ப அந்தக் கோலை உன் ரெஃப்ரி கொடுத்திருப்பாரா?" என்றான். கொடுத்திருக்க மாட்டாராம் என்றேன். "பிறகு எதுக்கு இவ்வளவு நேரம் விளக்கினே" என்று வைத்துவிட்டான்.

சார், இன்னொரு சந்தேகம். 2025-26 சீசனிலிருந்து கீப்பர் பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்கிறார்கள். இதற்கு முன் என்ன விதி?

கறுப்புச் சட்டை | செவ்வாய், இரவு 9:41

ஆறு விநாடி. 2000இலிருந்து இருந்தது. மீறினால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக். பாக்ஸுக்குள்ளேயே என்பதால் யாருக்கும் ஊத மனசு வராது. இப்போது கடைசி ஐந்து விநாடியை ரெஃப்ரி கையைத் தூக்கி விரல் விட்டு எண்ணிக் காட்ட வேண்டும். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

பழைய லெஃப்ட் பேக் | செவ்வாய், இரவு 9:44

25 வருடம் விதி இருந்தும் யாரும் ஊதவில்லையா? நீங்கள்?

கறுப்புச் சட்டை | செவ்வாய், இரவு 9:50

ஒரே ஒரு தடவை. 88வது நிமிடம், 0-0. அந்தக் கீப்பரின் அண்ணன்தான் டோர்னமென்ட் கமிட்டிச் செயலாளர் என்று எனக்குத் தெரியாது. மேட்ச் காசு இன்னும் வரவில்லை.